சூப்பர்வைசருக்கு வாங்கிய சங்கிலி

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இது எவ்வளவு எடை தாங்கும் என்றுதான் இளமாறனுக்கு முதலில் கேட்கத் தோன்றும். சிங்கப்பூரின் ஜூரோங் கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருடமாகப் பளு தூக்கும் பிரிவில் வேலை. கிரேன் கொக்கியில் எதை எப்படிக் கட்டுவது, கீழே யார் நிற்கக் கூடாது என்று சொல்கிற சூப்பர்வைசர். புக்கிட் பாத்தோக் வீட்டில் துணி காயப்போடும் மூங்கில் கழியைக்கூட இரண்டு முறை அழுத்திப் பார்த்த பிறகுதான் மனைவி சுசீலாவை ஈரப் போர்வை போட விடுவார். அந்த அம்மாளின் பொறுமைக்குத் தனியாக ஒரு மெடல் கொடுக்கலாம்.

பட்டறையில் இன்னொரு சூப்பர்வைசரும் இருந்தது. பழுப்பு நாய். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்து தொங்கும். ஒரு வேலையும் செய்யாமல் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எல்லா இடத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவதால் ஆட்கள் வைத்த பெயர் அது. யாராவது "சூப்பர்வைசர்!" என்று கத்தினால் இளமாறனும் திரும்புவார், நாயும் திரும்பும். நான்கு வருடமாக அவர் டிபன் டப்பாவின் கடைசி இட்லி அதற்குத்தான்.

பட்டறையின் அந்தப் பகுதியை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். தெரு நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கும் குழு ஒன்று வந்து நாய்களைப் பிடித்துப்போனது. இளமாறன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் சுசீலாவே, "போய்க் கூட்டிட்டு வாங்க, உங்க மூஞ்சியப் பார்க்கச் சகிக்கல" என்று அனுப்பிவைத்தார்.

குழுவில் அவரிடம் பேசிய பெண் நிரஞ்சனா. இளவயதுதான், பேச்சில் கறார்.

"ரெண்டு வாரம் ட்ரையல் அங்கிள். அதுக்குள்ள அது உங்ககூட சேஃபா வாக் போகணும். ரோட்டுப் பக்கம் ஓடிப்போச்சுன்னா திரும்ப எடுத்துக்குவோம்."

"எடுத்து?"

"ஷெல்டர்தான். அஞ்சு வயசுத் தெரு நாய, வேற யாரு அங்கிள் எடுப்பா?"

நாயோடு கழுத்துக்கு ஒரு துணிப்பட்டையும் பிடித்து நடக்க ஒரு துணி வாரும் கொடுத்தார். இளமாறன் அதை விரலில் சுற்றிப் பார்த்தார். சடைக்குக் கட்டும் ரிப்பன்போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சுசீலா தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் சாலையைக் கடந்து ஒரு ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தார். நாய் பதினெட்டு கிலோ. துள்ளி இழுத்தால் எவ்வளவு, அதற்கு ஐந்து மடங்கு, அதற்கும் மேல் கொஞ்சம் என்று கணக்குப் போட்டுத் துரு ஏறாத இரும்புச் சங்கிலி ஒன்றும் கட்டைவிரல் பருமனில் கொக்கி ஒன்றும் வாங்கினார். கழுத்துக்கு நாலு விரல் அகலத் தோல்பட்டை.

சுசீலா பையைத் தூக்கிப் பார்த்தார். "நாயக் கட்டவா, கப்பலக் கட்டவா?"

"அறுந்தா யாரு பொறுப்பு?" என்றார் இளமாறன்.

வீட்டுக்குள் சூப்பர்வைசர் தங்கமாக நடந்துகொண்டது. சுசீலாவின் காலடியில் படுத்து அவர் பார்க்கிற நாடகங்களை எல்லாம் பார்த்தது. ஆனால் இளமாறன் சங்கிலியைக் கையில் எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். முதல் நான்கு நாளும் தூக்கிக்கொண்டுதான் லிஃப்டில் இறங்கினார். கீழே விட்டால் உடம்பெல்லாம் நடுங்கும். பட்டறையில் அவர் பின்னாலேயே கயிறில்லாமல் சுற்றிய நாய் இது. புது இடம், பழகிவிடும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலை, அடுக்குமாடி புளோக்கின் கீழே, வியர்த்த கையிலிருந்து சங்கிலி நழுவிச் சிமெண்டுத் தரையில் கலகலவென்று விழுந்தது. நாய் பின்னால் ஓர் அடி வைத்துத் தலையைத் தாழ்த்தியது. அவ்வளவுதான். அத்தனை கனத் தோல்பட்டை இரண்டு காதையும் தாண்டி உருவிக்கொண்டு தரையில் கிடந்தது. கழுத்தைவிடத் தலை சின்னதாக இருக்கிற நாய்க்கு ஐந்து மடங்குக் கணக்கு எதற்கு உதவும்?

இளமாறன் சங்கிலியை அள்ளிக்கொண்டு புல்வெளியில் ஓடினார். முப்பது அடி தள்ளி நாய் நின்றது, திரும்பியது, அவரைப் பார்த்துக் குரைத்தது. அவர் நெருங்கினார். சங்கிலி குலுங்கியது. நாய் இன்னும் முப்பது அடி ஓடி, மறுபடி நின்று, மறுபடி அவரைப் பார்த்தே குரைத்தது. அதற்குப் பின்னால் சாலை. பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது.

ஓடுகிற நாய் ஏன் நின்று நின்று கூப்பிடுகிறது?

அப்போதுதான் உறைத்தது. பட்டறையில் சங்கிலி குலுங்கினால் பளு மேலே எழும்பப்போகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் இவர்தான் கைதட்டி, "சூப்பர்வைசர், ஓடு, ஓடு!" என்று விரட்டுவார். அது மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போய் உட்காராமல் கிரேன்காரருக்குக் கை காட்டமாட்டார். நான்கு வருடம் தினமும் இதே பாடம். சொல்லிக்கொடுத்தவருக்கு மறந்துபோனது, கற்றுக்கொண்டதற்கு மறக்கவில்லை. இப்போது அது அவரையும் ஓடி வரச் சொல்கிறது.

இளமாறன் குனிந்து, சங்கிலியை ஒரு சத்தமும் இல்லாமல் புல்லில் வைத்தார். அதைவிட்டுப் பக்கவாட்டில் பத்தடி நடந்தார். நாய் ஓடி வந்து அவர் முழங்காலில் முட்டியது. இடுப்பு பெல்ட்டை உருவி அதன் கழுத்தில் சுருக்குப் போட்டு, மறு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார். லிஃப்டுக்குக் காத்திருந்த பக்கத்து வீட்டு ஷபானா கண்ணியமாக மேற்கூரையைப் பார்த்தார்.

நடந்தது குழுவில் யாருக்கும் தெரியாது. சொன்னால் நாய் போய்விடும். சுசீலாவும், "எதுக்கு வீணா வாயக் குடுக்கறீங்க?" என்றார். ஆனால் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கும் அடிபடாவிட்டாலும், மயிரிழையில் தப்பியதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாத பையன்களை இளமாறன் எத்தனை தரம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறார்! பத்து நிமிடம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிரஞ்சனாவைக் கூப்பிட்டார். ரிப்பனைப் பழித்ததிலிருந்து பெல்ட் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

நிரஞ்சனா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"சாயங்காலம் வரேன் அங்கிள்."

நாயை எடுத்துப்போகத்தான் வருகிறார் என்று நினைத்து இளமாறன் அதன் சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வாசலருகே வைத்திருந்தார். நிரஞ்சனா ஒரு பையோடு வந்தார். பின்னால் இழுத்தால் அளவாக இறுகி, விட்டால் தளர்கிற துணிப்பட்டை ஒன்று. நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ் ஒன்று.

"பட்டைக்குள்ள ரெண்டு விரல் போகணும், அதுக்கு மேல கூடாது. பயந்த நாய்ங்க இப்படித்தான் பின்னால உருவும்."

ஹார்னஸைப் பார்த்ததும் இளமாறனுக்கு முகம் மலர்ந்தது. "நாங்க உயரத்துல ஏறுறப்ப ரெண்டு கொக்கி போடுவோம்மா. ஒண்ணு கழண்டா இன்னொண்ணு புடிக்கும். இதுக்கும் அப்படிப் போடலாமா? ஒண்ணு ஹார்னஸ்ல, ஒண்ணு பட்டையில?"

"அதத்தான் சொல்ல வந்தேன் லா!" நிரஞ்சனா சிரித்துவிட்டார். உடனே கறாரும் திரும்பியது. "ஆனா ட்ரையல் ட்ரையல்தான். கடைசி நாள் நானே கூட நடந்து பார்ப்பேன். இன்னொண்ணு அங்கிள், கயித்த இப்படி விறைப்பா புடிக்காதீங்க. தொய்வா விடுங்க."

அதுதான் கஷ்டமாக இருந்தது. தொய்ந்த கயிறு திடீரென்று இறுகினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவர் அவர். ஒன்பது நாளும் மனசுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு தொய்வாக விட்டுப் பழகினார்.

பதினாலாம் நாள் காலை நிரஞ்சனா பத்தடி பின்னால் வந்தார். கடைகளின் வரிசை வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. அங்கே ஒரு கடைக்காரர் ஷட்டரின் சங்கிலியை இழுத்தார். கடகடவென்ற சத்தம். சூப்பர்வைசர் பாய்ந்தது. இரண்டு கொக்கியும் பிடித்தன. வாரின் முனையில் நின்ற நாய் பின்னால் உருவப் பார்க்கவில்லை. திரும்பி, கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்த இளமாறனைப் பார்த்து ஒரு தடவை குரைத்தது.

"வந்துட்டேன்டா, வந்துட்டேன்" என்று அவர் அதன் பின்னால் விறுவிறுவென்று போனார். சாலையோரத்து மஞ்சள் கோடு வந்ததும் நாய் உட்கார்ந்தது. அவரும் பக்கத்தில் நின்றார். கயிறு தொய்ந்தது.

நிரஞ்சனா வந்து சேர்ந்தார். "ஓடிப்போகப் பார்க்குதோன்னு பயந்துட்டேன் அங்கிள்."

இளமாறனுக்குக் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "நாலு வருஷம் ஓடு ஓடுன்னு நான்தாம்மா விரட்டினேன். என்னை விட்டுட்டு ஓடணும்னு அதுக்குத் தோணவே இல்ல பாருங்க."

நிரஞ்சனா பையிலிருந்து நாயை அவருக்கே எழுதித்தரும் படிவத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். கையெழுத்துப் போட இரண்டு கையும் வேண்டியிருந்தது. இளமாறன் வாரை அவரிடம் கொடுத்தார்.