ஃப்யூஸ் கட்டையில் நான் சுற்றிய கம்பி

என் மனைவி மீது பொய்ப்பழி போட்டவன் நான். இரண்டாயிரத்துகளின் தொடக்கம். மாங்கனித் திருவிழாவுக்காக அம்பகரத்தூரிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்து, காரைக்கால் வீடு முழுக்கப் பேச்சும் மாம்பழ வாசமுமாய் இருந்தது. அந்தக் கலகலப்புக்கு இன்றும் ஏங்குகிறேன்.

கிரைண்டர், ஃபிரிட்ஜ், இஸ்திரிப்பெட்டி மூன்றும் ஒரே பிளக்கில் ஓடின. ஃப்யூஸ் அடிக்கடி போகவே, விருந்தினர் முன் கௌரவம் பார்த்துத் ஃப்யூஸ் கட்டையில் மெல்லிய ஃப்யூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டேன். ஃப்யூஸ் போகாமல் பிளக்கே தீப்பிடித்து மனைவியின் கை வெந்தது. “ஈரக்கையோட தொட்டுட்டா” என்று எல்லோரிடமும் சொன்னேன்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் தனி லைன் இழுத்தேன். இப்போதெல்லாம் ஃப்யூஸ் போனால் கம்பியைத் தேடுவதில்லை. எதை அணைக்கலாம் என்றுதான் பார்க்கிறேன். மறு வருடத் திருவிழாவில் எல்லோர் முன்பும் உண்மையைச் சொன்னேன்.

“அவரு கம்பி சுத்துனத அன்னைக்கே பாத்தேன்” என்றாள் மனைவி.

“அப்புறம் ஏன்க்கா வாயே தொறக்கல?” என்றார் மைத்துனர்.

“ஒங்க அத்தானே சொல்றாரான்னு பாத்தேன்டா.”