தங்கையின் பூனைக்கண்

என் தங்கை பூனைக்கண்ணோடு பிறந்தாள். வீட்டில் மற்ற எல்லோருக்கும் கருகருவென்ற கண். அவளைத் தூக்கிக்கொண்டு அம்மா போடி கடைவீதிக்குப் போனால் ஏலக்காய்க் கடைக்காரர்கள் தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். கூடவே நடந்துபோகிற எனக்கு ஏழு வயது. என்னை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. வயிறு எரியும். அவள் கண்ணை மூடித் தூங்கும்போது மட்டும்தான் எங்கள் வீட்டில் நியாயம் இருந்தது.

எனக்கிருந்த ஒரே ஆறுதல் அப்பா. என்னைத்தான் தூக்குவார், அவளைத் தொடவே மாட்டார். இவருக்காவது ஆள் பார்க்கத் தெரிகிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பாவின் அக்காவான அத்தை வாராவாரம் வருவார். தங்கையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, "நம்ம வம்சத்துல இந்தக் கண்ணு யாருக்கும் கெடையாதே, எங்கயிருந்து வந்துச்சு?" என்பார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார். அத்தைக்கும் அந்தக் கண்ணைத் தவிர வேறு பேச்சில்லையே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

எங்கள் வீட்டில் ஏலக்காய் தரம் பிரிக்க வருகிற அக்கா ஒருநாள் அம்மாவிடம், "இதே கண்ணு மலைமேல மெட்டுல ஒரு வயசான அம்மாவுக்கு இருக்கு மதினி. பொறந்த ஊரு போடிதான்னு சொல்லும்" என்றார். மறுநாளே அம்மா எங்கள் இருவரோடும் தோட்டத்து ஆட்கள் போகும் ஜீப்பில் ஏறிவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் நான் வாந்தி எடுத்தேன். தங்கை மடியில் சொகுசாகத் தூங்கினாள்.

மெட்டில் கதவைத் திறந்தவர் அப்பாவின் அத்தை, அதாவது தாத்தாவின் தங்கை. தோட்டத்தில் வேலை பார்த்த மலையாளத்துக்காரரோடு அந்தக் காலத்தில் போய்விட்டவர். அவர் பேச்சையே வீட்டில் எடுக்கவிடாத தாத்தா, இருந்த போட்டோவையும் கிழித்துப் போட்டாராம். அதற்குப் பிறகு பிறந்த அப்பாவும் என் அத்தையும் அவர் முகத்தையே பார்த்ததில்லை. அவருக்கு அச்சு அசலாக என் தங்கையின் கண். அம்மா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, "காதுகுத்துக்கு நீங்க வந்தே ஆகணும் பெரியம்மா. ஒங்க மூஞ்சிய அவுக ஒரு தடவ பாத்தாப் போதும்" என்றார்.

காதுகுத்து அன்று வந்தார். சொந்தக்காரர்கள் நடுவில் அத்தை தன் வழக்கமான கேள்வியை எடுத்த நேரம் உள்ளே நுழைந்து, தங்கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "எங்க அண்ணன் பேத்தி என்னைய மாதிரி இல்லாம வேற யார மாதிரி இருப்பா?" என்றார். அத்தை அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவருக்குக் காபி கொண்டுவர எழுந்து போனார்.

பத்தாம் வகுப்பில் பட்டாணிச் செடியை வைத்துப் பாடம் நடத்தியபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒடுங்கு பண்பு தலைமுறைக்கணக்கில் ஒளிந்துகொண்டே வரும். அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றும் சேர்ந்தால்தான் வெளியே தலைகாட்டும். அப்படியென்றால் அம்மா வழியிலும் யாரிடமோ அது இருந்திருக்க வேண்டும். அங்கே தேடிப் பார்க்கச் சொல்லி யாரும் அம்மாவைக் கேட்கவில்லை.

காதுகுத்து அன்றைக்கோ எனக்கு வேறு கவலை. அப்பா எழுந்து வந்து தங்கையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பந்தி முடிகிறவரை இறக்கவே இல்லை. எனக்கென்று இருந்த ஒரே ஆளையும் அவள் பறித்துக்கொண்டாள். அடுப்படிக்கு ஓடினேன். அம்மா சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். "எனக்கும் பூனைக்கண்ணு வேணும்" என்று தரையில் விழுந்து உருண்டேன்.

"ஒனக்கு எதுக்குடி அது? ஒனக்கு ஒங்கப்பா கண்ணுடி" என்று அம்மா என்னை அள்ளி இறுக்கிக்கொண்டார்.

நல்லதையெல்லாம் அவளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை என் தலையில் கட்டுகிறார் என்று இன்னும் சத்தமாக அழுதேன். என் கண்ணைக் காட்டி யாரும் அம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.