சின்னக்கோயிலை இடிக்கக் கூடாது என்று நான் சொன்னது

எனக்குச் சிறுவயதிலிருந்தே வாய் கொஞ்சம் நீளம். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அந்த வாயால் ஒரு கூட்டத்தையே தலைகீழாக்கிய பெருமை எனக்கு உண்டு. பெருமையா, சிறுமையா என்பதுதான் இன்றுவரை தெளிவாகவில்லை.

சோழவந்தான் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோயிலின் பெரிய கூடத்தை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு சிறிய கூடம் உண்டு; சின்னக்கோயில் என்போம். தனி வாசல், தனிக் கிராதி. எங்கள் சனம் பெரிய கூடத்துக்குள் வரக் கூடாது என்று ஒரு காலத்தில் கட்டியது அது. அங்கிருந்து பார்த்தால் பீடம் பாதிதான் தெரியும். பெரிய கூடத்தில் எல்லோரும் நன்மை என்னும் பூசை அப்பத்தை வாங்கி முடித்த பிறகுதான் சாமியார் எங்கள் கிராதிக்கு வருவாராம். அந்த வழக்கமெல்லாம் அப்பாவின் சிறுவயதோடு ஒழிந்துவிட்டது. யாரும் எங்கும் உட்காரலாம் என்று ஆன பின்னும், எங்கள் ஆட்கள் பழக்கம் விடாமல் அங்கேயே போய் உட்கார்ந்தார்கள்.

இதில் ஒன்றையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஓட்டலில் ஃபேமிலி ரூம் என்று தனியாக இருக்குமே, அப்படி எங்களுக்கென்று கொடுத்த இடம் என்றே நினைத்திருந்தேன். வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் சன்னல், சிலுசிலுவென்று காற்று. பெரிய கூடத்தில் வெந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்துப் பாவப்பட்டதும் உண்டு.

கோயிலைப் புதுப்பிக்கப் பேச்சு வந்தது. பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா, சின்னக்கோயிலை இடித்தே தீர வேண்டும் என்று மனுவுக்கு மேல் மனு எழுதினார். "எம்புள்ள கண்ணுல அது படவே கூடாது" என்பார். வாராவாரம் என் கண்ணில் பட்டுக்கொண்டுதானே இருக்கிறது, அதிலென்ன என்று குழம்பினேன். அத்தை நேர் எதிர். "இடிச்சுப்புட்டா அப்புடி ஒண்ணு நடக்கவே இல்லம்பாய்ங்க, அண்ணே. நிக்கட்டும்" என்பாள். அண்ணனும் தங்கையும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பெரிய கூடத்து ஆட்களும் இடிக்கக் கூடாது என்றார்கள். பழங்காலக் கட்டடமாம், தேக்கு உத்திரமாம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம். சாமியார் சும்மா இருக்காமல், "சின்னப் பிள்ளைக என்ன சொல்றீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டு வைத்தார். நான் எழுந்துவிட்டேன்.

"இடிக்கக் கூடாது சாமி. அது எங்களுக்கு மட்டும் கொடுத்த ஸ்பெஷல் ரூம். இவங்க யாருக்கும் அப்படி இல்லைல."

பெரிய கூடத்து ஆட்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், "புள்ளயே சொல்லிருச்சுல்ல வாத்தியாரே. அதுக்கு ஒரு வருத்தமும் இல்ல பாருங்க" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று பயந்தேன். அவரோ சாமியாரிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "என் மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன் சாமி. அது நிக்கட்டும். யார, எதுக்காக அங்க உக்கார வச்சாங்கன்னு கல்லுல வெட்டி வாசல்ல வைக்கணும். அம்புட்டுதான்."

கல் என்றதும் சிரிப்பு நின்றது. அதுவரை பழங்காலக் கட்டடம் என்று உருகியவர்கள், ஒழுகுது, பாம்பு அடையுது, இடிச்சிரலாம் என்று தொடங்கினார்கள். இடி என்றவர் வேண்டாம் என்கிறார், வேண்டாம் என்றவர்கள் இடி என்கிறார்கள், நடுவில் அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுகிறாள். பெரியவர்கள் எல்லோருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே முடிவு செய்தேன். கூட்டம் எந்த முடிவும் இல்லாமல் கலைந்தது. இடிக்கவும் இல்லை, கல் வைக்கவும் இல்லை. பிறகு எப்போதோ பூட்டியது, இன்றும் அப்படியே கிடக்கிறது.

அடுத்த ஞாயிறு அப்பா என் கையைப் பிடித்துப் பெரிய கூடத்தின் முன்வரிசைக்குக் கூட்டிப் போனார். எனக்கு ஒரே கொண்டாட்டம். என் பேச்சைக் கேட்டு மனம் மாறியவர் ஆயிற்றே. சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். ஆனாலும் என் கையைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. காய்ச்சலா அப்பா என்று கேட்டேன். "இல்லத்தா, பேசாம இரு" என்றார். காய்ச்சல் இல்லாமல் ஒரு மனிதருக்குக் கை எதற்காக நடுங்க வேண்டும் என்று பூசை முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.