இரண்டாவது அடி

குறிஞ்சிப்பிட்டிக் கரையில் கில்பட் என்றால் கொரியாவில் கப்டனின் பல்லைக் கழற்றியவன் என்றுதான் தெரியும். கதையை ஊருக்குச் சொன்னவன் அவனோடு கடற்றொழிலுக்குப் போகும் றொபி.

கொரிய மொழிப் பரீட்சையில் பாஸாகிப் போன கில்பட்டுக்கு அங்கே கிடைத்தது கணவாய் மீன் பிடிக்கும் படகில் வேலை. முதல் வாரமே கயிறு சிக்கிக்கொண்டது என்று கப்டன் கொக்கித் தடியால் பிடரியில் அடித்தான். பிறகு அடிப்பதற்குக் காரணமும் தேவைப்படவில்லை. ஒருநாள் அறைந்த அறையில் இடது காதிலிருந்து இரத்தம் வந்தது. அந்தக் காது அதற்குப் பிறகு சரியாகக் கேட்கவேயில்லை.

ஞாயிறு மதியங்களில் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போவான். நாலே நாலு மேசை. சமைப்பதும் பரிமாறுவதும் பிம் என்ற ஒரே பெண். முதல்நாள் அவன் வெடித்த உதட்டோடு வந்து உறைப்பான இறால் சூப்பைக் குடிக்க முடியாமல் துடித்ததைப் பார்த்து, அவள் ஒன்றும் கேட்காமல் கிண்ணத்தை எடுத்துப்போய்க் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு அவள் சமைக்கும் குசினிப் பக்கத்துக் கதிரை அவனுக்கென்றே இருந்தது.

இரண்டாம் வருடம் ஒரு ஞாயிறு, குடிவெறியில் வந்த கப்டன் அந்தக் கதிரையருகே நின்று படகுக்கு வரச் சொன்னான். கில்பட் சாப்பிட்டு முடித்து வருவதாகச் சொன்னான். கப்டன் அவன் தலைமயிரைப் பிடித்துக் கொதிக்கும் சூப்பில் முகத்தை அமுக்கினான்.

எரிந்த கண்ணோடு எழும்பிய கில்பட்டின் கையில் இரும்பு முக்காலி அகப்பட்டது. ஓங்கி அடித்தான். கப்டன் விழுந்தான், பற்கள் தரையில் சிதறின. விழுந்தவனையும் விடாமல் அடித்தான். பிம் ஓடிவந்து குறுக்கே கையை நீட்டினாள். முக்காலி அவள் மணிக்கட்டில் இறங்கியது. அவன் மறுபடியும் ஓங்கினான்.

கையில் கட்டுப்போட்டிருந்தும் பிம் பொலிஸில் உள்ளதைச் சொன்னாள்: தொடங்கியது கப்டன்தான். அதனால் கில்பட்டை மறியலில் அடைக்காமல் ஊருக்கு அனுப்பினார்கள். புறப்படும் நாளில் மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனான். கண்ணாடிக்கு அப்பால் நின்ற பிம் கதவைத் திறக்கவில்லை.

பிம்மின் கையைப் பற்றி மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. போன பெருநாளுக்கு அவன் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தபோது, றொபி வழக்கம்போல அந்தச் சண்டையை நடித்துக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள்.

"அண்டைக்கு ஒரு பொம்பிளையிட கையையும் முறிச்சன்" என்றான் கில்பட்.

"தெரியாமப் பட்டதுதானே மச்சான்" என்றான் றொபி.

"முதல் அடி தெரியாமத்தான் பட்டது. ரெண்டாவது அடிக்கேக்க அது அவட கை எண்டு எனக்குத் தெரியும்."

சோற்றுச் சட்டியோடு வந்த அவன் மனைவி மெலனி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இரண்டு நாள் அவள் அவனோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அவட கை சுகமாகிட்டா?"

"தெரியாது."

"நம்பர் இருக்கா?"

"ஓம்."

"அப்ப கேளுங்க."

அவள் பக்கத்தில் நிற்கவே அவன் கோல் எடுத்தான். மறுமுனையில் பிம்மின் குரல். கில்பட் தன் பெயரைச் சொன்னான். பின்னால் தாச்சியில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. வலது காதில் போனை அழுத்திக்கொண்டு, தெரிந்த அரைகுறைக் கொரியத்தில் அந்த இரண்டாவது அடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். பாதியில் அவள் போனை வைத்துவிட்டாள்.