நான்கு பாக்கெட் உப்பு

இஸ்திரி போடுவது எனக்கு ஆகவே ஆகாது. பாத்திரம் கழுவச் சொல்லுங்கள், பின்கட்டுக் கால்வாயைத் தேய்க்கச் சொல்லுங்கள், முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடுவேன். நெத்திலிக்குத் தலை கிள்ளுவதும் பிடிக்காது, ஆனால் அதில் கையாவது ஓடிக்கொண்டிருக்கும். இஸ்திரி என்றால் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், ஒரே சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் நீலாய் போகும் பாதையில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, வாசல் காவல். அவருடைய வெள்ளைச் சட்டையின் கையில் ஒரே ஒரு மடிப்புதான் இருக்க வேண்டும். இரண்டு விழுந்துவிட்டால் அன்றைக்குப் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இத்தனை வேலைகளையும் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அது சாயங்காலம் நாலு மணி.

லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்தோம். நாலு மணியானால், வேலை முடிந்ததோ முடியவில்லையோ, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். செம்மண் பாதையில் போனால் தோட்டத்து வாசலுக்கு உள்பக்கமாகவே ஒரு மலாய்க்கார அம்மா வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருப்பார். பீசாங் கோரேங் மூன்று துண்டு. மோட்டார் சீட்டிலேயே உட்கார்ந்து, நாக்கு சுடச் சுட, வெளியே பெரிய ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே தின்பேன். அந்த இருபது நிமிடமும் யாரும் என்னிடம் எதையும் எடு, வை என்று கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் இது யாருக்கும் தெரியாது. "எங்க போன?" என்று கேட்டால் "உப்பு வாங்க" என்பேன். பொய்க்குச் சாட்சியாகப் பக்கத்து மளிகைக் கடையில் அவ்வப்போது ஒரு பாக்கெட் உப்பும் வாங்கி வந்துவிடுவேன். எனக்கு லைசென்ஸ் கிடையாது. தோட்டத்துக்குள் அதை யார் கேட்டார்கள்? பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டினோம்.

பிறகு தோட்டத்து லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு கிடைத்தது. நல்ல வீடுதான். தண்ணீர் நிற்காமல் வருகிறது, கூரை ஒழுகுவதில்லை. ஆனால் வாசலைத் தாண்டினால் ரோடு, ரோட்டில் இறங்கினால் லைசென்ஸ். நடந்து போகலாம் என்றால் ஓரமாக நடக்கக்கூட இடமில்லாமல் லோரிகள் உரசிக்கொண்டு போகின்றன. வீட்டுக்காரருக்கு, முன்பு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டப் போனபோது காலில் குலை விழுந்து இடது கணுக்கால் போய்விட்டது. அவரால் கியர் மிதிக்க முடியாது, வேலைக்கு வேனில் போய் வருவார். ஆக மோட்டார் முன்வாசலில் தூசி பிடித்து நின்றது.

நாலு மணியானால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கழுவிய கிளாஸையே மறுபடி கழுவுவேன். முன்வாசலுக்கு வருவேன், பின்கட்டுக்குப் போவேன், துணி காய்ந்ததா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்ப்பேன். ஒரு விடுமுறை நாளில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர், மோட்டாரைக் காட்டிச் சொன்னார்.

"இது சும்மாதானே நிக்குது. சுவா பக்கத்துலேருந்து ஒருத்தரு கேட்டாரு. குடுத்துடலாம்லா."

"நான் ஓட்டுவேன்."

"லைசென்ஸ் இல்லாம ரோட்டுல எறங்கினா சம்மன்தான். அப்படி எங்கதான் போவணும் ஒனக்கு?"

பீசாங் கோரேங் தின்ன என்று சொன்னால், அதற்கென்ன, யாரிடமாவது வாங்கி வரச் சொல்கிறேன், வீட்டிலேயே உட்கார்ந்து தின் என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். அதுதான் எனக்கு வேண்டாம்.

"லைசென்ஸ் எடுக்கறேன்," என்றேன். "அதுவரைக்கும் விக்கக் கூடாது."

"இந்த வயசுலயா? சரி, ரெண்டு டெஸ்ட். அதுக்கு மேல கேக்க மாட்டேன், வித்துடுவேன்."

வகுப்பில் சேர்ந்தேன். கணினியில் கேள்விக்குப் பதில் சொல்லும் பரீட்சை ஒரே தடவையில் பாஸ். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் நான் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நல்லா ஓட்டுறீங்க. ஆனா ஓட்டத் தெரியும்கிறத கொஞ்சம் மறந்துடுங்க," என்றார். எனக்கு அது புரியவில்லை. டெஸ்ட் நாளில்தான் புரிந்தது.

குறுகலான பலகைப் பாலத்தை அலுங்காமல் கடந்தேன். கூம்புகளுக்கு நடுவே வளைந்து வந்தேன். கடைசியில் ஒரு சந்திப்பு. மஞ்சள் கோடு, பக்கத்தில் பேப்பரோடு டெஸ்ட் அதிகாரி. நான் கோட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, இரண்டு தரம் ஹாரன் அடித்து, காதைத் தீட்டிக் கேட்டு, சத்தம் ஒன்றும் வராததால் நேராகப் போய்விட்டேன்.

தோட்டத்தில் அப்படித்தான். செம்பனை மட்டை பாதையை மறைத்துக்கொண்டிருக்கும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் குலை லோரி வருகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. இரண்டு தரம் அடிப்போம். பதிலுக்கு ஹாரன் வந்தால் ஓரம் கட்டுவோம், வராவிட்டால் பாதை நமக்கு. இருபது வருடம் என்னை உயிரோடு வைத்திருந்த பழக்கம் அது. அன்றைக்கு என்னைக் கவிழ்த்துவிட்டது.

அதிகாரி கோபப்படவில்லை. "கக், இனி புக்கான் லாடாங்," என்றார். அக்கா, இது தோட்டம் இல்லை என்று. பேப்பரில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சிரம்பான் டவுன்ல போயி ஒனக்கு எந்த லோரிக்காரன் பதில் ஹாரன் அடிப்பான்?" நானும் கூடச் சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதேன். தோற்ற வெட்கம்கூடப் பெரிதாக இல்லை. இன்னும் ஒரே ஒரு டெஸ்ட், அதுவும் போனால் சாகும்வரை நாலு மணிக்குக் கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பேன் என்கிற பயம்.

அடுத்த டெஸ்டுக்கு மூன்று வாரம் இருந்தது. ஹாரன் இடது கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த விரலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டேன், அது அசையும்போதெல்லாம் எனக்கு உறைக்க வேண்டும் என்று. பாத்திரம் கழுவினால் ஈரத்தில் கழன்றுவிடும், மறுபடி ஒட்டுவேன். துணி வாளியைத் தூக்கிக்கொண்டு சமையலறை நிலைப்படிக்கு வந்தால் நிற்பேன். இடது காலை ஊன்றுவேன். வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது பக்கம் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவேன். ஒரு நாள் அவர் அந்த நிலைப்படியில் எதிரே வந்துவிட்டார். இருவரும் நின்றோம்.

"போவட்டா, வேணாமா?" என்றார்.

"நீங்க மெயின் ரோடு. நீங்க போங்க."

இரண்டாவது டெஸ்டில் மஞ்சள் கோட்டில் நின்றேன். காலை ஊன்றினேன். கட்டைவிரல் துடித்தது, அதை மடக்கிக் கைப்பிடிக்குள் வைத்துக்கொண்டேன். பாஸ்.

வீட்டுக்கு வந்து பேப்பரைக் காட்டினேன். அவருக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பேப்பரை இரண்டு தரம் படித்தார். பிறகு சொன்னார்.

"நல்லதாப் போச்சு. லைசென்ஸ் கைக்கு வந்ததும் நீயே என்னை ஏத்திக்கிட்டுப் போ. சாயங்காலம் மூனரைக்கு அங்க இருக்கணும். வேன்காரன்கிட்ட இனிமே வேணாம்னு சொல்லிடறேன்."

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. நான் ஓடி ஓடிச் சம்பாதித்த ஒன்றை, கையில் வாங்குவதற்கு முன்பே இவர் இன்னொரு வீட்டு வேலையாக்கிவிட்டார். சமையல், துணி, கால்வாய், அதோடு இவரைச் சுமப்பதும். இஸ்திரிப் பெட்டி மேசைமேல் அப்படியே இருந்தது, பக்கத்தில் மறுநாள் சட்டை.

"ஏத்திக்கிட்டுப் போறேன்," என்றேன். "ஆனா சட்டைய இனிமே நீங்களே தேச்சுக்குங்க."

"எனக்கு எங்க அதெல்லாம் வரும்?"

"போன மாசம் எனக்கும் மஞ்சக் கோட்டுல நிக்க வரல."

மறுநாள் அவரே நின்று இஸ்திரி போட்டார். ஒரு சட்டைக்கு அரை மணி நேரம். நான் நாற்காலியில் உட்கார்ந்து பால் விடாத தே ஓ குடித்தேன், அதுவும் ஆறுவதற்கு முன்னாலேயே.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு முதல் நாள் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வலது கையில் இரண்டு மடிப்பு, இடது கையில் மூன்று. தாமான் முனைத் திருப்பம் வந்ததும் பின்னாலிருந்து, "அடி, அடி, ஹாரன் அடி," என்றார். நான் அடிக்கவில்லை. நின்று, பார்த்து, திரும்பினேன்.

தொழிற்சாலை வாசலில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தார். நான் வண்டியை லாபு பக்கம் திருப்பினேன். வீட்டுக்கும் அதே வழிதான், வீடு முன்னாலேயே வந்துவிடும், ஆனால் போகிற அவசரத்தை என் முகத்தில் பார்த்திருப்பார்.

"நேரா வீட்டுக்குத்தானே?"

இருபது வருடப் பழக்கம், உப்பு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இல்ல," என்றேன். "சும்மா ஒரு எடத்துக்கு."

எந்த இடம் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் சட்டைக் கையைத் தடவித் தடவி மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வா," என்றார். "உப்பு மட்டும் வாங்கிடாத. வீட்டுல நாலு பாக்கெட் இருக்கு."