வேண்டாம்னு ஒரு முகம்

எங்க அக்கா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறவ. "மூச்சை இழுங்க, ஆடாதீங்க, இப்ப விடுங்க." நாள் முழுக்க அவ பேசுறது இவ்வளவுதான். வீட்டுக்கு வந்தா அதுவும் கிடையாது. சரியான கல்லுளிமங்கி! நான் அப்படியே நேரெதிர். எனக்குப் பசிச்சா தெருவுக்கே தெரியும். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துல பிறந்தவங்கதானா?"ன்னு என் பொண்டாட்டி இன்னமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா.

அக்கா கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு கேட்டா "நேரம் இல்ல"ம்பா. அந்த நேரமெல்லாம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா? மாடியில அவ அறையில ஒரு மேஜை, அது மேல பச்சைத் துணி, ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. துணி மேல பழைய காசு, காசுல இங்கிலாந்து ராஜா எட்வர்டு, வழுக்கைத் தலையும் தாடியுமா, யாரையும் நேராப் பார்க்காம ஒரு பக்கமாத் திரும்பி இருப்பார். அவர் காலத்து வெள்ளிக் காசுல அரை கிரவுன்னு ஒண்ணு உண்டு. அதுதான் இவளுக்கு உசுரு. அவர் ஆண்டது கொஞ்ச வருஷம்தான், வருஷத்துக்கு ஒண்ணா எல்லாத்தையும் சேர்த்துட்டா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அஞ்சு மட்டும் அகப்படவே இல்ல. அந்த வருஷம் அடிச்சதே கம்மியாம். போலிதான் நிறைய சுத்துதாம்.

காசைக் கையில எடுத்தா விளிம்பைத்தான் பிடிப்பா, முகத்துல விரல் படவே படாது. விளக்கடியில லேசாச் சாய்ச்சுத் திருப்புவா. அதிகம் புழங்காத காசுன்னா வெளிச்சம் அது மேல வட்டமா ஓடும். யாராவது தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கியிருந்தா அந்த ஓட்டம் செத்துப் போயிருக்கும். அப்புறம் காதுக்கு மேல இருக்கிற முடி, தாடி, எவ்வளவு தேஞ்சிருக்குன்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்பா. பார்த்துத் தரம் சொல்லுவா. அந்தத் தரம் இருக்கே, அது ஒரு கூத்து! 'குட்'ன்னா ராஜாவுக்கு மூக்கு முழி எதுவும் மிஞ்சலன்னு அர்த்தம். 'ஃபைன்'ன்னா ஏதோ ஆள் அடையாளம் தெரியுதுன்னு அர்த்தம். ஒரு நாள் என் பொண்டாட்டி சமையலை அக்கா "குட்"ன்னுட்டா. நல்ல வேளை, என் பொண்டாட்டிக்கு இந்தக் கணக்குத் தெரியாது.

ஞாயித்துக்கிழமை காலையில, பழைய அச்சகம் ஒண்ணுக்கு மேல இருக்கிற ஹால்ல பழைய காசு சேர்க்கிறவங்க, விக்கிறவங்க எல்லாம் கூடுவாங்க. அக்காவை வண்டியில கூட்டிட்டுப் போறது என் வேலை. அங்க எல்லாரும் ஒரு முகம் வெச்சிருப்பாங்க, வேண்டாம்னு ஒரு முகம். வேணுங்கிற காசை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. பக்கத்துல இருக்கிற குப்பையைத்தான் ஆசையாத் தடவணும். ஆசை கண்ணுல தெரிஞ்சா வியாபாரி விலையைத் தூக்கிடுவான். இந்த வித்தையில அக்காவை அடிச்சுக்க ஆள் கிடையாது. "அக்கா, இதானே நீ..."ன்னு நான் ஒரு தடவை வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில என் கால்ல ஒரு மிதி விழுந்தது பாருங்க!

அவளுக்குச் சமமா அங்க ஒரே ஒருத்தர்தான், கடிகாரக்காரர். கடைத்தெருவுல கடிகாரம் ரிப்பேர் பண்றவர். மனைவி தவறிட்டாங்க, ஒரே பொண்ணு வேற ஊர்ல. ஜன்னலோர நாற்காலியில கைக்குட்டையைப் போட்டு அக்காவுக்காகப் பிடிச்சு வைப்பார், அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கும்னு. ரெண்டு பேரும் ஒருத்தர் காசுக்கு இன்னொருத்தர் தரம் சொல்லுவாங்க.

"தாடியில முடி தெரியுதே சார்."

"அது முடி இல்ல மேடம், கீறல்."

இதுதான் அவங்க பேச்சு. வருஷக்கணக்கா இதேதான். அவ பதில் சொல்றதெல்லாம் காசைப் பார்த்துத்தான், அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசி நான் கண்டதில்ல. ஆனா ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு தடவை தலை சீவுவா. நான் என்ன குருடனா?

ஒரு வாரம் அந்த அஞ்சாம் வருஷக் காசே மேஜைக்கு வந்துடுச்சு! போலி இல்ல, அசல். ரெண்டு பேரும் ஒரு தடவைதான் பார்த்தாங்க. உடனே அந்த முகத்தை மாட்டிக்கிட்டாங்க. அவளுக்கு வேணும்னு அவர் விட்டுக் குடுக்கிறார், அவருக்கு வேணும்னு இவ விட்டுக் குடுக்கிறா. வாயைத் திறந்து ஒருத்தரும் சொல்லல. அதுக்குள்ள ஒரு பல் டாக்டர் வந்தார். "அட, இது நல்லா இருக்கே!"ன்னு பணத்தைக் குடுத்துட்டு ஜேபியில போட்டுக்கிட்டுப் போயிட்டார். சாவி கிடந்து உரசுற ஜேபியில! எனக்கு வந்த வயித்தெரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்ல. இவங்க ரெண்டு பேரும் என்னடான்னா முகத்துல ஒரு சுருக்கம் இல்லாம டீ குடிச்சாங்க.

அப்புறம் போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. கடிகாரக்காரர் காசு எதையும் வெளியே எடுக்கல.

"கடையைக் காலி பண்ணிடலாமான்னு பார்க்கிறேன் மேடம். பொண்ணுக்கு ரெட்டைக் குழந்தை பிறந்திருக்கு, தனியாத் தவிக்கிறா. தன்னோடயே வந்து இருந்துடச் சொல்லிக் கூப்பிடுறா." அக்காவை நேராப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அந்தக் கேள்வி எனக்கே புரிஞ்சுது. அவளுக்குப் புரியாதா? யாரோ வெச்சிட்டுப் போன தேஞ்ச காசு ஒண்ணைக் கையில எடுத்தா. அதே முகம்.

"நல்லதுதானே சார். போயிட்டு வாங்க."

அந்த மனுஷன் முகம் அப்படியே தொங்கிப் போச்சு. சரி சரின்னு தலையாட்டிட்டு, நாற்காலியில கிடந்த கைக்குட்டையை எடுத்து மடிச்சார்.

வழியில வண்டியை நிறுத்திட்டேன். "ஏன்க்கா, உனக்கு அந்த ஆளு வேணுமா, வேணாமா? இப்பச் சொல்லு. இல்லன்னா நான் நடந்து போறேன், வண்டியை நீ தள்ளிட்டு வா!"

அக்கா என் தோள் மேல கையை வெச்சா. "வேணும்டா. ரொம்ப வேணும்."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னே?"

"வாய் தானாச் சொல்லிடுச்சு. வேணுங்கிறப்ப வேற எதுவும் எனக்குச் சொல்லத் தெரியலடா."

இத்தனை வயசுல அவ எனக்குச் சின்னப் பொண்ணு மாதிரித் தெரிஞ்சா.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில இருந்து நேரா அவர் கடைக்கு விடச் சொன்னா. எதிர்ப்பக்கம் மரத்தடியில நான் நின்னேன். கடை பாதி காலி. சுவர்ல கடிகாரம் மாட்டியிருந்த இடமெல்லாம் வட்டம் வட்டமா வெளுத்துக் கிடந்தது. கடைக் கண்ணாடி வழியா ரெண்டு பேர் நிக்கிறது தெரிஞ்சுது, பேசுறது கேக்கல. அவர் உட்கார்ந்தார். அவ நின்னுக்கிட்டே இருந்தா. "பேசுக்கா, வாயைத் திற"ன்னு நான் இங்க முணுமுணுக்கிறேன், பக்கத்துல போறவன் என்னைத் திரும்பிப் பார்த்துட்டுப் போறான்.

வெளிய வந்தா. நடை எப்பவும் போல நிதானமா இருந்தது.

"கேட்டுட்டேன்டா. போகாதீங்க, எனக்கு நீங்க வேணும்னு கேட்டுட்டேன்."

"அட்ரா சக்கை! என்ன சொன்னார்?"

"முடியாதுன்னார். பொண்ணுக்கு நேத்து ராத்திரிதான் வாக்குக் குடுத்தாராம். அது வரைக்கும் நான் ஏதாவது சொல்ல மாட்டேனான்னு அவளுக்குப் பதில் சொல்லாம இழுத்துக்கிட்டே இருந்தாராம்."

நேத்து ராத்திரி! எனக்கு யாரையாவது பிடிச்சு நாலு வார்த்தை திட்டணும் போல இருந்தது. யாரைத் திட்டுறது?

"அழுதியாக்கா?"

"நான் அழல. அவர்தான் அழுதார்."

நான் வண்டியை எடுத்தேன். அவ ஏறல.

"கொஞ்சம் இருடா. அவர் கடையைப் பூட்டுற வரைக்கும் பார்த்துட்டு வரேன்."

ஜனம் போற வர தெருவுல, யார் பார்த்தா என்னன்னு, கண் எடுக்காம அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கிட்டு நின்னா. நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டு அவ பக்கத்துல போய் நின்னேன்.