தொட்டதே இல்லாத துப்பாக்கி

கைத்துப்பாக்கி வாங்க வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது அவருடைய உள்ளங்கையின் அளவை என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அமெரிக்காவில் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையின் இணையதளத்தில், எந்த செமி ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, மியான்மரின் யாங்கோனில், பபேடான் பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில் உட்கார்ந்து பதில் தட்டுகிறேன். நான் எந்தத் துப்பாக்கியையும் தொட்டதில்லை. சாப்பிடாத பண்டத்துக்கு ருசி சொல்லிப் பிழைக்கும் யாருக்கும் என் பாடு புரியும்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாவதற்கு மேற்பார்வையாளர் மா தின் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: தொட்டதில்லை என்பது வாடிக்கையாளருக்குத் தெரியவே கூடாது.

சாப்பிட்டாச்சா?

துப்பாக்கியின் நிறம் கறுப்பா சாம்பலா என்று வாடிக்கையாளர் ஒருவர் முடிவு செய்துவிட்டார். கடையில் இருப்பு இருக்கிறதா என்று பார்க்க நேரமானது. ஒருவரைக் காக்க வைத்துவிட்டுச் சும்மா இருப்பது நம் ஊரில் மரியாதை இல்லையே. "சாப்பிட்டாச்சா சார்?" என்று தட்டிவிட்டேன். பின்னால் நின்ற மா தின் தன் தலையில் கை வைத்துக்கொண்டார். பதில் வந்தது: "இன்னும் இல்லை. துப்பாக்கி வாங்குமுன் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று புதுச் சட்டம் ஏதும் வந்திருக்கிறதா?"

தனக்காக் கட்டை

"கனமாக இருக்குமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிராம் கணக்கு எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் பூச அம்மா அரைக்கும் தனக்காக் கட்டையைத் தராசில் வைத்தேன். ஏறக்குறைய ஒரு கைத்துப்பாக்கியின் எடை. தாமுவே பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் அதைத் துப்பாக்கி போலக் கையில் நீட்டிப் பிடித்து, எவ்வளவு நேரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரோட்டாக் கடையிலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏ புள்ள, சன்னல் பக்கம் நீட்டாத. கீழ போற பட்டாளத்துக்காரங்க அது தனக்காக் கட்டைதானான்னு கேட்டுட்டா சுடுவாங்க?"

பஸ்ஸில்

மா தின் பாடத்துக்காக அனுப்பும் துப்பாக்கிப் படங்களை வீட்டுக்குக் கிளம்புமுன் போனிலிருந்து அழித்துவிடுவேன். ஒரு நாள் மறந்துவிட்டேன். அன்று பார்த்து வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை. துப்பாக்கி மாட்டிய சிப்பாய் ஒருவர் என் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு படத்தில் விரல் நின்றது. வெளிநாட்டுக் கடைக்கு ஆலோசனை சொல்லும் வேலை என்று எப்படியோ சொல்லி முடித்தேன். என் வேலை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எது நல்லது?" என்றார்.

பயத்தில் பழக்கம்தான் வாயில் வந்தது. "உங்க உள்ளங்கை சின்னதா பெரிசா அண்ணே?"

அவர் தன் கையை விரித்துப் பார்த்தார். "எங்களை யாரும் இதெல்லாம் கேக்கலை தங்கச்சி, குடுத்ததை எடுத்துக்கிட்டோம். படத்தை அழிச்சிட்டுப் போ."

நீ எது வைத்திருக்கிறாய்?

மூட்டுவலிக்காரப் பெண் ஒருவர் ஆகச் சிறிய துப்பாக்கியைக் கேட்டார். சிறியது எளிது என்று நினைத்துவிட்டார். பல சமயம் நேர்மாறு: சுடத் தயாராக்கப் பின்னுக்கு இழுக்கும் மேல்பகுதி சிறியதில் இறுக்கமாக இருக்கும், சுடும்போது கைக்குக் கிடைக்கும் உதையும் அதிகம். இதைச் சொன்னேன். "நீ எது வைத்திருக்கிறாய்? உன்னால் இழுக்க முடிகிறதா?" என்று கேட்டார்.

இதற்குத் தயார்ப் பதில் உண்டு: 'நானும் இதைத்தான் வைத்திருக்கிறேன், மிகவும் சுலபம்.' அதை அனுப்ப விரல் போகவில்லை. "அம்மா, நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. எங்கள் ஊரில் என்னைப் போன்றவர்கள் வைத்துக்கொள்ள முடியாது. கடைக்குப் போய் நீங்களே இழுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்" என்று எழுதினேன். அவர் பதில் எழுதாமல் போய்விட்டார். வேலை போயிற்று என்று நான் சாப்பாட்டு டப்பாவைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மா தின் கூப்பிட்டார். "அந்தம்மா கடைக்கே போய் இழுத்துப் பார்த்து, பெரிசா ஒண்ணு வாங்கிட்டாங்க. நீ எழுதினதை நம்ம ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பிட்டேன், இனிமே நீங்க எல்லாரும் அதையே போடுங்க."

வேலை நிரந்தரமாகிவிட்டது, நான் பயந்து பயந்து சொன்ன உண்மைதான் இப்போது எங்கள் ஆபீசின் புதிய தயார்ப் பதில்.